சக்கரத்துக்கு முன்னும் பின்னும்



பொங்கல் மலருக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுப்பது எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சண்டை. பானை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தப் பானை என்பதில்தான் தகராறு. இந்த ஆண்டு அட்டையோடு நிற்காமல் இதழின் பாதிப் பக்கங்களையும் மண்பாண்டத்துக்கே கொடுத்துவிட்டோம். சண்டையும் அந்த அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

மானாமதுரைக்குப் போய்வந்த புகைப்படக்காரர் படங்களை மேசையில் பரப்பியபோது பெரும்பாலும் சக்கரப் படங்களாகவே இருந்தன. சுழலும் சக்கரம், நடுவில் ஈரமண், மண்ணை அணைத்தபடி இரண்டு கைகள், மேலே சாய்வாக விழும் வெயில். அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இதே படத்தை எத்தனை காலண்டரில், எத்தனை வங்கி விளம்பரத்தில், எத்தனை சுற்றுலாச் சுவரொட்டியில் பார்த்திருப்பீர்கள்! குயவர் என்றதும் சக்கரம்தான் நம் கண்ணில் வந்து நிற்கிறது. கைதேர்ந்த ஒருவரிடம் ஒரு சின்னக் கலயம் சக்கரத்தின் மேல் இருக்கும் நேரம் சில நிமிடம். அதற்கு முன்னால் மண்ணோடு பல நாள். பின்னால் நிழலோடும் நெருப்போடும் பல நாள். படம் பிடிக்கத் தோதான அந்தச் சில நிமிடங்களையே நாம் தொழில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது மண்பாண்டம் செய்யும் வேளார்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. மண் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆத்தா, கேமராவைப் பார்த்ததும், "அங்கிட்டுப் போங்க தம்பி, சக்கரம் அங்கதான் சுத்துது. இங்க என்ன இருக்கு, வெறும் மண்ணு" என்று வழிகாட்டிவிட்டாராம். புகைப்படக்காரரும் போய்விட்டார். திரும்பப் போய் அந்த வெறும் மண்ணைப் படமெடுத்து வாருங்கள் என்று அனுப்பியதில் அவருக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்த ஆத்தா பொறுக்கியது சுக்கான் கல். வெள்ளை வெள்ளையாக, கடுகளவிலிருந்து கடலையளவு வரை, நம் ஊர்க் களிமண்ணில் கலந்தே வரும் சுண்ணாம்புக் கல். கண்ணில் படாமல் ஒன்று தப்பிப் பானைச் சுவருக்குள் போய்விட்டால் சூளையில் ஒன்றும் ஆகாது. பானை சிவப்பாக, கணீரென்று வெளியே வரும். ஆனால் உள்ளே இருக்கும் கல் சுட்ட சுண்ணாம்பாக மாறியிருக்கும். அது காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து உப்பும். விற்று, வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பானையின் வயிற்றில் காசு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருக்கும். குழியின் நடுவே வெள்ளைப் பொட்டு. வாங்கியவர் சூளையைத் திட்டுவார், வனைந்தவரைத் திட்டுவார். தவறு நடந்ததோ முதல் நாள், கல் பொறுக்கும் இடத்தில். சக்கரத்துப் பக்கம் போகச் சொன்ன ஆத்தாவின் விரல்தான் அந்த வீட்டின் பேரைக் காப்பாற்றுகிறது.

மானாமதுரை வைகைக் கரை ஊர், சுற்றிலும் கண்மாய்கள். கோடையில் கண்மாய் வற்றியதும் மண் எடுப்பார்கள். ஒரே கண்மாய் மண்ணை மட்டும் நம்பி இறங்குவதில்லை. ஒன்றில் பசை கூடுதல், இன்னொன்றில் மணல் கூடுதல். பல கண்மாய் மண்ணைக் கலந்து, சலித்த ஆற்று மணலும் சேர்த்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, மிதித்து, பிசைந்து, மறுபடி மிதித்து ஒரு பதத்துக்குக் கொண்டுவருவார்கள். எந்த மண் எத்தனை கூடை என்பது வீட்டுக்கு வீடு மாறும். கேட்டால் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கையில் எடுத்து உருட்டி, விரலில் சுற்றிப் பார்த்து, வெடிப்பு விழுகிறதா என்று நோட்டம் விட்டு, இன்னும் ரெண்டு கூடை மணல் போடு என்று சொல்கிற அந்த முடிவைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர முடியாது.

ஏன் கலக்க வேண்டும்? களிமண் என்பது பாறை சிதைந்து, காலகாலமாக மழையும் ஆறும் அரைத்துக் கொண்டுவந்து சேர்த்த மிக நுண்ணிய தகடுகளின் குவியல். அந்தத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும், புதுச் சீட்டுக்கட்டுபோல ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அழுத்தினால் அழுத்திய இடத்தில் நிற்கும். ஆற்று மணலுக்கு இந்தக் குணம் கிடையாது. நனைத்துப் பிடித்தாலும் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். சரி, அப்படியானால் பசை மிகுந்த களிமண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் சிக்கல். தகடுகளுக்கு நடுவில் இருந்த தண்ணீர் போகப்போகப் பாண்டம் சுருங்கும். பசை கூடக்கூடச் சுருக்கமும் கூடும்; சுருக்கம் சீராக இல்லாவிட்டால் வெடிக்கும். மணல் சுருங்காது. அதனால் அது நடுநடுவே நின்று சுருக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது, ஈரம் வெளியேற வழியும் விடுகிறது. நிற்பதற்குப் பசை, வெடிக்காமல் இருப்பதற்கு மணல். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோட்டைப் பிடிப்பதுதான் மண் கலக்கிறவரின் வித்தை.

சக்கரத்தை வேகமாகவே கடந்துவிடுகிறேன். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. கட்டையால் சுழற்றிய கனமான சக்கரம் இருந்த இடத்தில் இப்போது மோட்டார் வைத்த சக்கரம். இடுப்பும் தோளும் தப்பித்தன, அதுவரை லாபம். நான் சொல்ல வந்தது அதற்கடுத்த வேலை. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது நம் ஊர்ப் பானை பானையாகவே இருக்காது. சுவர் தடித்து, அடிப்பக்கம் திறந்து, கழுத்து மட்டும் முடிந்த நிலையில் இருக்கும். அதைக் கொஞ்சம் உலரவிட்டு, பாதி ஈரம் இருக்கும்போது மடியில் வைத்துக்கொள்வார்கள். இடது கையில் உருண்டைக் கல், அது பானைக்கு உள்ளே. வலது கையில் மரப்பலகை, அது வெளியே. பலகை விழும் இடத்துக்கு நேர் உள்பக்கம் கல் வந்து நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் கை கண்ணுக்குத் தெரியாது; பார்க்காமலேயே ஒவ்வொரு அடிக்கும் அது இடம் மாறிக்கொண்டிருக்கும். தட்டத் தட்டச் சுவர் மெலிகிறது, வயிறு பெருக்கிறது, திறந்திருந்த அடி மெல்ல மெல்லக் குறுகி மூடிக்கொள்கிறது. பல குடும்பங்களில் இந்தத் தட்டுவேலை பெண்கள் கையில். சக்கரத்தில் உட்கார்ந்தவர் படத்துக்கு நிற்பார். பானையைப் பானையாக்கியவர் திண்ணை மூலையில் இருப்பார்.

அடி உருண்டையாக முடிவது வெறும் அழகுக்கு இல்லை. மூலை இருந்தால் சூடு அங்கே ஒருவிதம், பக்கத்தில் ஒருவிதம் என்று ஏறும், மூலையிலேயே விரிசல் விழும். உருண்டை அடியில் சூடு சமமாகப் பரவும். மேசையில் நிற்காதே என்று கேட்பவர்களுக்குப் பிரிமணை இருக்கவே இருக்கிறது.

இந்தத் தட்டுவேலையின் உச்சம் எது என்று கேட்டால் கடம் என்பேன். மானாமதுரைக் கடம் சுவர் தடித்தது, கனமானது. சென்னைப் பக்கம் செய்கிற கடம் அதைவிட மெல்லியது, தூக்க லேசு. இரண்டுக்கும் நாதம் வேறு, விரும்புகிற வித்வான்களும் வேறு. தண்ணீர்ப் பானையில் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கடத்தில் அது உடனே காதில் விழும்: கழுத்தில் ஒரு சுருதி, வயிற்றில் ஒரு சுருதி. அதனால் சுவர் எங்கும் ஒரே கனமாக வரும்வரை ஆயிரக்கணக்கான அடி அடிக்கிறார்கள். வீணைக்குப் பிரடை இருக்கிறது, மிருதங்கத்துக்கு வார் இருக்கிறது, தளர்த்தலாம், இறுக்கலாம். கடத்தில் அந்த வசதி இல்லை. காயும்போது எவ்வளவு சுருங்கும், சுடும்போது எவ்வளவு சுருங்கும், கடைசியில் எந்தக் கட்டையில் வந்து நிற்கும் என்பதையெல்லாம் ஈரமண்ணாக இருக்கும்போதே மனத்தில் கணக்குப் போட்டுவிட வேண்டும். கட வித்வான் விக்கு விநாயக்ராம் 'சக்தி' இசைக்குழுவோடு உலகம் சுற்றி, மேடைகளில் கடத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தபோது கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதைத் தட்டிச் செய்த கையை நினைத்திருப்பார்கள்? மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமியின் விருது கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வாசித்தவர்களுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த மரியாதை, செய்தவர் பக்கமும் ஒருமுறை திரும்பியது.

பச்சைப் பானை நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று நமக்குத் தோன்றும். விளிம்பு முதலில் காய்ந்து இறுகிவிட, அடி இன்னும் ஈரமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கிழித்துவிடும். காற்றடிக்கிற பக்கம் கூடத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்துவிட்டது என்று கண்ணுக்குத் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். சூளையில் பானை வெடித்தால் மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தது என்று பலரும் சொல்வதுண்டு. கைவினைப் பயிற்சி வகுப்புகளிலும் அப்படியே சொல்லித் தருகிறார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது தண்ணீர். சூடு சட்டென்று நூறு டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் சுவரைப் பிளக்கிறது. அதனால்தான் சூளையில் முதல் சில மணி நேரம் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் இருக்கும். விராட்டியும் சுள்ளியும் மெல்லக் கனன்று, பானைகளை வேகாமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும். பொறுமை இல்லாதவர் அந்த நேரத்தில் ஒரு கட்டு விறகைக் கூடுதலாகத் தள்ளினால் போதும்; உள்ளேயிருந்து பட், பட்டென்று சத்தம் வரும். ஒவ்வொரு சத்தமும் ஒரு பானை.

ஐந்நூறு, அறுநூறு டிகிரி தாண்டும்போதுதான் திரும்பி வர முடியாத மாற்றம் நடக்கிறது. அதுவரை எந்தப் பச்சைப் பானையையும் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடும். அந்தச் சூட்டில், தகடுகளுக்கு நடுவே இருந்த தண்ணீர் அல்ல, தகடுகளின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த தண்ணீர் பிரிந்து போகிறது. இனி அது களிமண் இல்லை. 573 டிகிரியில் இன்னொரு கண்டம் உண்டு: மணலில் இருக்கும் படிகக்கல் அந்தச் சூட்டில் சட்டென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்குகிறது. சூளை ஆறும் முன் ஆசைப்பட்டுப் பிரித்தால் நல்ல பானையும் கீறல் விடுவது இதனால்தான். பாடப்புத்தகம் படிக்காத வேளார் வீட்டுப் பெரியவர்கள் சூளை பிரிக்கக் குழந்தைகள் அவசரப்பட்டால் கையில் அடிப்பதற்குக் காரணமும் இதுதான். வெப்பமானி இல்லாமல், தணலின் நிறத்தையும் புகையின் நிறத்தையும் பார்த்தே இத்தனையும் நடக்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மண்ணில் இரும்பு இருக்கிறது. சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் பானை சிவக்கும். காற்றை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் கறுக்கும். அதே மண், அதே சூளை. இதைத் தெரிந்துகொண்ட பழைய தமிழகத்துக் குயவர்கள் ஒரே பானையில் இரண்டு நிறத்தையும் கொண்டுவந்தார்கள். பானையை உமியிலோ சருகிலோ கவிழ்த்துவைத்துச் சுட்டால், புதைந்திருக்கும் வாய்ப்பக்கமும் உட்புறமும் கறுத்து, காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவந்து வரும். தமிழ்நாட்டில் எங்கே அகழ்ந்தாலும் கிடைக்கிற கருப்பு-சிவப்புப் பானை ஓடு இப்படி வந்ததுதான். மானாமதுரையிலிருந்து வைகையோடு எதிர்த்து மதுரைப் பக்கம் போனால், அதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடி. அங்கே கிடைத்த ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்கள் தமிழியில் கீறப்பட்டிருக்கின்றன. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எழுத்தைப் பார்க்கக் குனிகிறார்கள். எழுத்து இருக்கட்டும், அந்த ஓட்டின் உடைந்த விளிம்பையும் கொஞ்சம் பாருங்கள். சுவர் எவ்வளவு மெலிவு, எவ்வளவு சீர்!

ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோரும், பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது வெளிவந்த தாழிகளைப் பற்றி இதழில் தனிக் கட்டுரை இருக்கிறது; நான் நீட்டவில்லை. ஒரு செய்தி மட்டும். புறநானூற்றில் ஒரு பெண், இறந்த கணவனைப் புதைக்கத் தாழி செய்யும் குயவரிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்கிறாள். அந்தப் பாட்டை நாம் துயரத்துக்காகப் படிக்கிறோம். தொழில் தெரிந்தவர் படித்தால், வாய் அகன்ற அவ்வளவு பெரிய தாழியை நெளியாமல் காயவைத்துச் சுடுவது எத்தனை பெரிய காரியம் என்பதும் சேர்ந்தே தோன்றும். கரிகாலன் காலத்து வெண்ணிப் போரைப் பாடிய வெண்ணிக்குயத்தியார் குயவர் வீட்டுப் பெண் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கும் தமிழுக்கும் ஒட்டு உறவு இன்று நேற்று வந்ததில்லை.

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: நம் மண்பானை ஏன் பீங்கான்போல வழவழப்பாக, உறுதியாக இல்லை, நம்மவர்களுக்கு அந்த நுட்பம் தெரியாதா என்று. நல்ல கேள்வி. நம் ஊர்ச் சூளை எழுநூறிலிருந்து தொள்ளாயிரம் டிகிரி வரை போகும். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி போன்ற இடங்களில் ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் போகிறார்கள். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகி, துளைகளை அடைத்து, பாண்டம் கல்லாகிவிடுகிறது. மேலே பூசும் பூச்சும் உருகிக் கண்ணாடியாகப் படிகிறது. விறகுச் சாம்பலும் உமிச் சாம்பலும் கூட அந்தப் பூச்சுக்கு மூலப்பொருள் ஆகலாம். இந்தியாவின் இன்றைய பீங்கான் கலைஞர்கள் பலர் கோல்டன் பிரிட்ஜில் படித்து வந்தவர்கள். ரே மீக்கர் ஒருபடி மேலே போய், பச்சைமண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டுப் பார்த்தவர். அதே புதுச்சேரியின் வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்யும் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே ஊரில் இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன.

ஆனால் அதிகச் சூடு உயர்ந்த நுட்பம், குறைந்த சூடு தாழ்ந்த நுட்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் பழுப்பு, வயிறு வெள்ளை. உப்பும் எலுமிச்சைப் புளிப்பும் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அதன் உள்ளே இறங்காது. அதே ஊறுகாயைப் பூச்சில்லாத மண்கலயத்தில் போட்டால் உப்பு சுவருக்குள் ஊறி, வெளிப்பக்கம் பூத்து, தோல்தோலாக உரித்துவிடும். ஆக, ஜாடி ஜெயித்தது. இப்போது அந்த ஜாடியை அடுப்பில் ஏற்றுங்கள். ஏற்ற வேண்டாம், நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கீறிவிடும். துளையே இல்லாத இறுகிய சுவர், ஒரு பக்கம் மட்டும் தாக்கும் தீயின் சூட்டைத் தாங்காது. மீன்குழம்புச் சட்டி தாங்கும். அதன் மணலும் துளைகளும் சூட்டில் விரிந்து சுருங்க இடம் கொடுக்கின்றன. குறைந்த சூட்டில் நிறுத்துவது, மணல் கலப்பது, அடியை உருட்டுவது எல்லாம் அடுப்பை மனத்தில் வைத்துச் செய்த முடிவுகள்.

தண்ணீர்ப் பானையின் கதையும் இதேதான். துளைவழியே கசியும் நீர் வெளியே ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால், ஒரு லிட்டரில் வெறும் 20 மில்லி ஆவியானாலே மீதிநீர் பத்து டிகிரிக்கு மேல் குளிரலாம். வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் இது மந்தம். வறண்ட மதுரை வெயிலில் ஜோர். நாளாக ஆக நீரில் இருக்கும் உப்பு துளைகளை அடைத்துவிடும். போன வருஷப் பானை இந்த வருஷம் குளிரவில்லை என்று புகார் எழுதுகிறவர்களுக்கு இதுதான் பதில். கோடைக்குக் கோடை புதுப்பானை வாங்கிய பாட்டிகள் செலவாளிகள் இல்லை.

சமையல் பக்கத்துக்கு வந்த கடிதங்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதுச்சட்டியை ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு வடிகஞ்சியை ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவிடுங்கள். கஞ்சி துளைகளில் இறங்கிக் கசிவை மட்டுப்படுத்தும். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், மண் அதைக் குடித்து அடுத்த குழம்பில் திருப்பித் தரும். சாம்பலோ கடலை மாவோ போதும். சூடான சட்டியை ஈரத்தரையில் வைக்காதீர்கள். வார்னிஷும் பெயிண்டும் அடித்த அழகுப் பானையில் சமைக்கவே வேண்டாம். பளபளக்கும் பூச்சுள்ள பாத்திரம் என்றால் ஈயம் கலக்காத பூச்சா என்று விசாரித்துவிட்டுப் புளிக்குழம்பு வையுங்கள். வாங்கும்போது விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள்: கணீர் என்றால் நன்றாக வெந்தது, கீறல் இல்லை, பொத்தென்று ஒலித்தால் அடுத்த பானைக்குப் போங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார், அவரும் அப்படித்தான் வாங்கியிருப்பார்.

இனி இந்தத் தொழிலின் பெரிய சங்கடம். வேளார்களின் இரண்டு பெரிய விற்பனைக் காலம் கார்த்திகை தீபமும் தைப்பொங்கலும். ஒன்றுக்கு அகல், இன்னொன்றுக்குப் பானையும் அடுப்பும். இரண்டுமே வடகிழக்குப் பருவமழையின் வாலில் வந்து நிற்கின்றன. ஐப்பசியில் கண்மாய் நிரம்பிக் கிடக்கும், மண் எடுக்க முடியாது. வனைந்தாலும் காயாது. காய்ந்தாலும் விறகு ஈரம், சூளைமேல் மழை. யாருக்கு எப்போது தேவையோ அப்போது செய்ய முடியாத பண்டம் இது. கடுவெளிச் சித்தர் பாட்டில் வரும் ஆண்டி ஒரு தோண்டிக்காகக் குயவரிடம் மாதக்கணக்கில் கெஞ்சினான் என்பதற்குப் பெரியவர்கள் தத்துவம் சொல்வார்கள். எனக்கென்னவோ அவன் ஐப்பசியில் போய்க் கேட்டிருப்பான் என்று தோன்றுகிறது.

ஆகவே பங்குனி, சித்திரையிலேயே மண் எடுத்துச் சேர்த்து, ஆடிக்கு முன்னால் வனைந்து சுட்டு, தைவரை அடுக்கிவைத்துக் காக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், கூரை வேண்டும், கையில் அரை வருஷத்துக்குப் பணம் வேண்டும். அரசு இவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மழைக்கால உதவித்தொகை இருக்கிறது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் மின்சக்கரம் கொடுத்து வருகிறது. மண் கலக்கும் இயந்திரமும் சில இடங்களில் கிடைக்கிறது. ஏரி, கண்மாய்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க 2024-இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று விதி எளிதானது. இவற்றில் வேளார்களுக்கு உடனடியாகப் பயன்பட்டது எது என்று என்னைக் கேட்டால் கடைசியில் சொன்னதுதான் என்பேன். சக்கரம் கொடுக்கும் விழாவில் மேடையில் படம் நன்றாக வரும். மண் அனுமதியைப் படம் பிடிக்க முடியாது. பழைய கோளாறுதான்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு ஜடேரி நாமக்கட்டிக்கும் கிடைத்தது, அதுவும் மண்தான். குறியீட்டால் பெயர் காப்பாற்றப்படும், நல்லது. கண்மாய் மண் காப்பாற்றப்பட வேறு வேலைகள் நடக்க வேண்டும். கண்மாய்க்குள் கருவேலம் மண்டினாலும், கழிவு இறங்கினாலும், கரையோரம் மனைகளாக விற்கப்பட்டாலும் குறியீட்டுச் சான்றிதழை வைத்துக் கலயம் வனைய முடியாது. ரேஷனில் தரும் பொங்கல் தொகுப்பில் ஒரு பானையும் ஓர் அடுப்பும் சேர்க்கச் சொல்லி மண்பாண்டத் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் கேட்டு வருகிறார்கள். கோடிக்கணக்கான பானைகளை ஒரே மாதத்தில் எப்படிக் கொள்முதல் செய்வது என்று அதிகாரிகள் தயங்கலாம். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆணையை மார்கழியில் போடாமல் மாசியிலேயே போட்டால் அந்தத் தயக்கத்தில் பாதி குறைந்துவிடும். முதல் ஆண்டில் ஒரே ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கலாம். எங்கள் யோசனை இது. தவறு என்று நினைப்பவர்கள் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அட்டைப்பட விவகாரம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். சக்கரப் படமே வேண்டும் என்ற கட்சிக்காரர்கள் கடைசிவரை விடவில்லை. உள் அட்டையில் அவர்களுக்கு ஒரு முழுப்பக்கம் கொடுத்துச் சமாதானம் ஆகிவிட்டோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் ஊரில், பக்கத்து ஊரில் இன்னும் சூளை வைக்கிறவர்கள் இருந்தால், எந்த மாதம் வைக்கிறார்கள், என்னென்ன செய்கிறார்கள், முன்பணம் கொடுத்தால் பொங்கலுக்கு எடுத்துவைப்பார்களா என்று விசாரித்து, அவர்கள் சம்மதத்தோடு மாசி பதினைந்துக்குள் எங்களுக்குக் கார்டு போடுங்கள். மாவட்டவாரியாகத் தொகுத்துச் சித்திரை இதழில் தருகிறோம். அடுத்த பொங்கலுக்குப் பானை வேண்டுபவர்கள் சொல்லிவைக்க அதுதான் சரியான மாதம்.

அன்புடன்,
ஆசிரியர்